பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்கிறார்கள்: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசி முடித்ததும், "யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் அரங்கம் அமைதியாக இருக்கும். எல்லோரும் கலைந்த பிறகு, செருப்பு விட்ட இடத்தில் ஒருவர் தயங்கி நிற்பார். "எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கு..." என்று தொடங்குவார். கீழே இருப்பவை பெரும்பாலும் அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகள்.

உங்கள் வீட்டில் இப்போதே இது நடந்துகொண்டிருந்தால், மற்றதைப் பிறகு படிக்கலாம். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், தனியே விடாமல் அருகிலேயே இருந்துகொண்டு மனநல உதவிக்கு 14416 அல்லது 104 எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

இந்த மிரட்டல் எப்படித் தொடங்குகிறது? என் மகன் விவரமானவன், அவனா ஏமாறுவான்?

விவரமான பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள். எதிரில் இருப்பவர்களுக்கு இது முழுநேரத் தொழில்.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மணி பத்தரை. பிளஸ் ஒன் படிக்கும் பையன் போர்வைக்குள் போனோடு இருக்கிறான். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் அழைப்பு வருகிறது. அந்தக் கணக்கை அவன் வகுப்பு நண்பர்கள் நான்கைந்து பேர் ஏற்கெனவே பின்தொடர்கிறார்கள் என்று தெரிகிறது, அதனால் சந்தேகம் எழவில்லை. (அந்த நண்பர்களும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டவர்கள்தான்.) எந்தப் பள்ளி, எந்த குரூப், யாரைப் பிடிக்கும் என்று பேச்சு ஓடுகிறது. அரை மணி நேரத்தில் அது வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறுகிறது. முதலில் அங்கிருந்து ஒரு படம் வரும். "நான் அனுப்பிவிட்டேன், இப்போது நீ." அல்லது வீடியோ கால் வரும். திரையில் ஓடுவது யாரோ ஒரு பெண்ணை எப்போதோ பதிவுசெய்த காட்சி. இந்தப் பக்கம் பையனின் முகம் பதிவாகிக்கொண்டிருக்கும்.

படம் போய்ச் சேர்ந்த மறுநொடி குரல் மாறிவிடும். அவனுடைய படம் அவனுக்கே திரும்பி வரும். கூடவே அவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியல், ஸ்கிரீன்ஷாட்டாக: அத்தை, சித்தப்பா மகள், டியூஷன் சார், கிரிக்கெட் குழு. "பத்து நிமிடத்தில் ஐயாயிரம். இல்லையென்றால் இவர்கள் எல்லோருக்கும் போகும்." அதன் கீழே 9, 8, 7 என்று நிமிடங்கள் இறங்கும்.

அந்தப் பத்து நிமிடமும் அவன் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்தால் என்ன ஆகும்? மிரட்டுபவனின் கையிருப்பும் அந்தக் கேள்விதான். பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய் உங்களை எழுப்பிவிட்டால் அவனுடைய வியாபாரம் அங்கேயே படுத்துவிடும்.

பெண் பிள்ளை என்றால் பயப்படலாம். பையனுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இந்த நினைப்பால்தான் நாம் பெண் பிள்ளைகளிடம் ஆயிரம் எச்சரிக்கை சொல்லிவிட்டுப் பையன்களிடம் ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம். பணத்துக்காகச் செய்யப்படும் மிரட்டலில் அதிகம் சிக்குபவர்கள் 14 முதல் 17 வயது வரையிலான ஆண் பிள்ளைகள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை அதற்கு இப்படி 13,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் குறைந்தது 12,600 பேர். அவர்களில் 20 பேராவது தற்கொலையால் இறந்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தின் மார்க்கெட் என்ற ஊரில் 2022 மார்ச்சில் நடந்ததை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வேன். பெண் பெயரில் வந்த கணக்கு 17 வயது மாணவன் ஒருவனிடம் படம் வாங்கி 1,000 டாலர் கேட்டது. அவன் தன்னிடம் இருந்த 300 டாலரைக் கொடுத்தான். மிரட்டல் நிற்கவில்லை. பேச்சு தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தார்கள், அன்பும் இருந்தது. அவனுக்குக் கிடைக்காதது அவகாசம்தான். மிரட்டியவர்கள் நைஜீரியாவின் லாகோஸைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2024 செப்டம்பரில் ஆளுக்கு பதினேழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். கடல் கடந்து இருப்பவர்களைப் பிடிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவின் நூஹ் என விரியும் மேவாத் பகுதியிலிருந்து வீடியோ கால் மிரட்டல் கும்பல்கள் பலமுறை கைதாகியிருக்கின்றன. அவர்கள் குறிவைப்பது பெரும்பாலும் வயது வந்த ஆண்களை. ஆனால் கண்ணியை விரிப்பவர்கள் எதிரில் இருப்பவரின் வயதைப் பார்த்து விடுவதில்லை.

பெண் பிள்ளைகளிடம் பணத்தைவிட மேலும் மேலும் படங்கள் கேட்பது, நேரில் வரச் சொல்வது என்று மிரட்டல் வேறு வழியில் போவது அதிகம். மிரட்டுபவர் தெரிந்தவராக இருக்கும் வாய்ப்பும் அங்கே கூடுதல். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளை வந்து சொல்லிவிட்டான். முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். "உனக்கு அறிவிருக்கிறதா?" என்பது நாக்கு நுனியில் வந்து நிற்கும், எனக்குத் தெரியும். விழுங்கிவிடுங்கள். "என்னிடம் சொன்னாயே, அது போதும். இனி இது என் வேலை. தண்ணீர் குடி" என்று சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய மற்ற எல்லாவற்றையும் ஒரு வாரம் கழித்துப் பேசலாம்.

பிறகு போனை வாங்கிக்கொள்ளுங்கள். மிரட்டுபவனுக்குப் பதில் எழுத வேண்டாம். கெஞ்சவும் வேண்டாம், "போலீசில் சொல்லிவிடுவேன்" என்று சவால் விடவும் வேண்டாம். பயத்தில் பிள்ளைகள் உடனே எல்லா உரையாடலையும் அழித்துவிடுவார்கள், கணக்கையே நீக்கிவிடுவார்கள். அதைத் தடுத்துவிடுங்கள், ஏனென்றால் சாட்சியம் அங்கேதான் இருக்கிறது. மிரட்டிய செய்திகள், கணக்கின் பெயர், அந்தக் கணக்குப் பக்கத்தின் முழு இணைப்பு முகவரி, தொலைபேசி எண், பணம் கேட்ட யுபிஐ முகவரி அல்லது கியூஆர் குறியீடு, தேதியும் நேரமும் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இணைப்பு முகவரியை அழுத்திச் சொல்கிறேன். கணக்கின் பெயரை அவர்கள் ஒரு நொடியில் மாற்றிவிடுவார்கள். வேறொரு போனிலிருந்து திரையைப் படம் பிடித்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை நகலெடுக்காதீர்கள், உறவினருக்கோ வழக்கறிஞருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அத்தகைய படத்தைப் பரப்புவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், பெரிய சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். போன் அப்படியே இருக்கட்டும், காவல்துறை பார்த்துக்கொள்ளும்.

இவற்றை எடுத்து முடித்த பிறகு அந்தச் செயலியிலேயே கணக்கைப் புகார் செய்துவிட்டுத் தடைசெய்யுங்கள். பின்தொடர்வோர் பட்டியல் வெளியே தெரியாதபடி பிள்ளையின் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள். உடனே 1930, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் இரண்டிலும் பதியுங்கள். அந்த இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே தகவல் தரலாம். ஆனால் புகாரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றால் பெயரோடு பதிவதே நல்லது.

அன்றிரவு பிள்ளையைத் தனி அறையில் படுக்க விடாதீர்கள். பாயை எடுத்துக்கொண்டு நீங்கள் அவன் பக்கத்தில் போய்ப் படுங்கள்.

கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டுப்போகாதா? தொகை சிறியதுதான்.

போகாது. கொடுத்தவுடன் நீங்கள் "கொடுக்கக் கூடியவர்" என்ற பட்டியலுக்குப் போய்விடுகிறீர்கள். ஐயாயிரம் பத்தாயிரமாகும். படத்தை அழித்துவிட்டதாக ஒரு வீடியோகூட அனுப்புவார்கள், மறுநாள் வேறொரு எண்ணிலிருந்து மறுபடி கேட்பார்கள். கொடுக்காமல் தொடர்பை அறுத்துவிட்டால், அடுத்த ஆளைத் தேடிப் போவதுதான் அவர்களுக்கு லாபம். படத்தை வெளியே விட்டுவிட்டால் மிரட்டக் கையில் எதுவும் மிஞ்சாது. அப்படியும் சிலர் ஓரிருவருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதை மறைக்கமாட்டேன். அப்போதும் பணம் கொடுப்பது அதைத் தடுக்கும் வழியாகாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். 1930 எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்கு முன் வங்கிகள் அதை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பியிருந்தால், அட்டையையும் ரசீதையும் தூக்கி எறியாமல் வையுங்கள்.

காவல்துறை அதிகாரி என்று ஒருவர் அழைத்து, "உங்கள் மகனின் வீடியோ யூடியூபில் வந்துவிட்டது, நீக்கப் பணம் கட்டுங்கள்" என்கிறார். உண்மையாக இருக்குமா?

பொய். அதே கும்பலின் இரண்டாவது ஆள் அவர். சீருடையில் இருக்கும் படத்தை முகப்பில் வைத்திருப்பார், சிபிஐ என்பார், டெல்லி குற்றப்பிரிவு என்பார். அவரைத் தொடர்ந்து "யூடியூப் அலுவலகம்" என்று மூன்றாவது ஆள் வருவார். எந்தக் காவல் நிலையமும் வீடியோவை நீக்கக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் குறித்துப் புகாரில் சேருங்கள்.

என் மகள் எந்தப் படமும் அனுப்பவில்லை. அவள் முகத்தை வேறு உடலோடு ஒட்டி மிரட்டுகிறார்கள். இது குற்றமாகுமா?

ஆகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தபோதே இதை யோசித்திருக்கிறது. பாலியல் நோக்கத்தோடு, ஒரு குழந்தையின் உடலைக் காட்டும் உண்மையான அல்லது புனையப்பட்ட காட்சியை ஊடகத்தில் பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையே 11-ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தல் என்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை. அப்படிப்பட்ட படத்தை வெளியிட்டாலோ அனுப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு பாயும். முதல் முறையிலேயே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் பறித்ததற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு தனி.

இப்போது ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் நிர்வாணப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. ஆண்டுவிழாவில் பரதம் ஆடிய படம் ஒன்று போதும். "நீ அனுப்பாமல் எப்படி வந்தது?" என்று மகளைக் குடையாதீர்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.

படத்தை இணையத்திலிருந்து எடுக்க முடியுமா?

முழுவதும் எடுத்துவிடலாம் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள், அதற்குப் பணம் கேட்டால் இன்னும் நம்பாதீர்கள். ஆனால் பரவுவதைப் பெருமளவு தடுக்க வழி உண்டு.

காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023-இல் "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவையைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் போனில் இருக்கும் படத்துக்கு அந்தச் சேவை கைரேகை போல ஒரு தனி எண்ணை உருவாக்கும். படம் போனைவிட்டு எங்கும் போகாது, அந்த எண் மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற பங்கேற்கும் தளங்கள் அதை வைத்து அதே படம் எங்கே ஏறினாலும் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் போல மறையாக்கம் செய்யப்பட்ட உரையாடல்களுக்குள் அது எட்டாது. 18 வயதுக்குக் கீழ் இருந்தபோது எடுத்த படங்களுக்கானது இது. அந்த வயதுக்குப் பின் எடுத்தவற்றுக்கு "ஸ்டாப் என்சிஐஐ" என்ற சேவை இருக்கிறது.

இதோடு, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு நேரடியாகப் புகார் எழுதுங்கள். இத்தகைய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே சொல்லிவிட்டன; 2026 பிப்ரவரியில் அந்தக் கெடு இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

காவல் நிலையத்துக்குப் போனால் மானம் போய்விடுமே? ஊருக்கே தெரிந்துவிடாதா?

எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். கேட்கும்போது பலருக்குக் குரல் உடைந்துவிடும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விவரமாகவே சொல்கிறேன், அதைத் தெரிந்துகொண்டு போகும் பெற்றோரிடம் நிலையத்தில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

போக்சோவின் 24-ஆம் பிரிவின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும். இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 26-ஆம் பிரிவு, பெற்றோர் அல்லது பிள்ளை நம்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்கிறது. பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் ஊடகங்கள் வெளியிட்டால் 23-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை. விசாரணையும் மூடிய அறையில்தான் நடக்கும்.

உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குப் போகலாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். "இது எங்கள் எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும்.

எல்லா நிலையங்களிலும் எல்லா அதிகாரிகளும் பரிவோடு நடந்துகொள்வார்கள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. "பிள்ளையை ஒழுங்காக வளர்க்கக் கூடாதா?" என்று கேட்கப்பட்ட தாய் ஒருத்தியோடு நான் நிலைய வாசலில் நின்றிருக்கிறேன். அப்போது 1098-ஐ அழைத்தோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்தார், புகார் பதிவானது. தனியாகப் போகாதீர்கள். பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மானம் பற்றி ஒரு வார்த்தை. திருட்டு நடந்த வீட்டில் திருடனைத்தான் தேடுவோம், பூட்டை யாரும் ஏசமாட்டோம். இங்கேயும் தலைகுனிய வேண்டியவன் மிரட்டியவன். பிள்ளை அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

படம் அனுப்பியதற்காக என் பிள்ளை மேலேயே வழக்கு வருமா?

மிரட்டப்பட்ட பிள்ளையைச் சட்டம் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. ஆனால் அந்தப் படத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த, சேமித்து வைத்த மற்ற பிள்ளைகளின் நிலை அப்படியல்ல. குழந்தைகளின் இத்தகைய படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதுமே எப்படிக் குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவை ரத்துசெய்தபோது விரிவாகச் சொன்னது. அவற்றை ஆபாசப் படம் என்று அழைக்கக் கூடாது, குழந்தைகளைச் சுரண்டித் துன்புறுத்திய பதிவு என்றே அழைக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு யாராவது இப்படி ஒன்றை அனுப்பினால், பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடாமல் உங்களிடம் வந்து காட்டச் சொல்லிவையுங்கள்.

மிரட்டுபவன் வெளியாள் அல்ல. அவள் வகுப்பில் படிக்கும் பையன். என்ன செய்வது?

இங்கேதான் இரண்டு குடும்பங்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து "பேசி முடித்துவிடலாம்" என்பார்கள். சட்டப்படி அது முடியாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியது போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் கடமை. பள்ளியின் நற்பெயரைக் காரணம் காட்டித் தலைமையாசிரியர் மூடிமறைத்தால் அவர்மீதே வழக்கு வரும். மிரட்டிய பையனும் 18 வயதுக்குக் கீழ் இருந்தால் அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், அங்கே நோக்கம் சீர்திருத்தம்தான். அவன் வாழ்க்கை பாழாகிவிடுமே என்ற கவலையில் உங்கள் பிள்ளையை அதே வகுப்பறையில் அவன் எதிரே உட்கார வைக்காதீர்கள்.

பத்து வயதுப் பையன், வெறும் விளையாட்டுதான் ஆடுகிறான். அவனுக்குமா?

விளையாட்டுக்குள் அரட்டை இருந்தால், அங்கே முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். "டைமண்ட் தருகிறேன், உன் ஐடியைக் கொடு" என்பதில் தொடங்கும். (டைமண்ட் என்பது விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்.) பிறகு "உன் அப்பா போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்." சொன்ன பிறகு, "அப்பாவிடம் சொல்லிவிடுவேன், பாட்டி வைத்திருக்கும் பணத்தை அனுப்பு." பத்து வயதில் படம் தேவையில்லை, திட்டு விழும் என்ற பயமே போதும். வீட்டில் சிறு சிறு தொகையாகக் காணாமல் போனால் திருடன் என்று முத்திரை குத்துவதற்கு முன், "யாராவது கேட்கிறார்களா, கண்ணு?" என்று கேளுங்கள். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்காதீர்கள், மளிகைக் கடைக்கு அனுப்பும்போதும்கூட.

"வங்கிக் கணக்கை மட்டும் கொடு, மாதம் பணம் தருகிறோம்" என்று கல்லூரி சேர்ந்த மகனிடம் கேட்கிறார்களாம். இதில் என்ன தவறு?

அந்தக் கணக்கு வழியாகத்தான் மற்ற பிள்ளைகளிடம் பறித்த பணம் ஓடும். ஏடிஎம் அட்டை, சிம் கார்டு, கடவுச்சொல் எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் கணக்கு முடக்கப்படும், வேறு மாநிலக் காவல்துறையிடமிருந்து அழைப்பாணை வரும். உதவித்தொகையும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். விலக நினைத்தால் "உன் பெயரில்தானே எல்லாம் இருக்கிறது, மாட்டிவிடுவோம்" என்பார்கள். பத்து வயது முதலே பிள்ளைகள் தாங்களாகக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் தெளிவாக்கியிருப்பதால், இந்தப் பேச்சைப் பள்ளி வயதிலேயே பேசிவிடுவது நல்லது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய் எழுத்தில் சொல்லுங்கள், 1930-இலும் பதியுங்கள்.

போனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

அதற்குப் பிறகு பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லமாட்டான். நண்பனின் போன் இருக்கவே இருக்கிறது. சொன்னதற்குக் கிடைத்த பரிசு இதுதான் என்றால் அடுத்த முறை அந்தப் பத்து நிமிடத்தை அவன் தனியாகவே கடப்பான்.

கட்டுப்பாடு வேண்டும்தான். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்து மேசையில் சார்ஜில் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளில் பலன் தருவது இதுவே, ஏனென்றால் மிரட்டல் பெரும்பாலும் நடுஇரவில்தான் நடக்கிறது. இன்ஸ்டாகிராமில் பதின்பருவக் கணக்கு என்ற ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், 16 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அனுமதியில்லாமல் அதைத் தளர்த்த முடியாது. ஆனால் பிள்ளை பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. இன்றைக்கே உட்கார்ந்து அதைச் சரிபாருங்கள்.

நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். வீட்டில் மனைவியும் என் அம்மாவும்தான். தூரத்திலிருந்து என்ன செய்ய முடியும்?

மிரட்டுபவன் இந்த வீடுகளை விரும்புவான். "அப்பா அங்கே கஷ்டப்படுகிறார், அவரிடம் எப்படிச் சொல்வது?" என்று பிள்ளை நினைப்பான், மறைப்பான். வாரம் ஒருமுறையாவது மதிப்பெண் பற்றிப் பேசாத ஓர் அழைப்பு உங்களிடமிருந்து போகட்டும். ஊரில் இருக்கும் ஒருவரை நீங்களும் மனைவியும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள்: தாய்மாமா, சித்தி, பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர். "எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் மாமாவிடம் சொல், அவர் எங்களைக் கேட்காமலே உனக்காக எது வேண்டுமானாலும் செய்வார்" என்று பிள்ளை காதுபட இருவரும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது? கூச்சமாக இருக்கிறது.

நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசினால் இருவருக்குமே கூச்சம்தான். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது, சேர்ந்து வெங்காயம் உரிக்கும்போது, முகம் பார்க்காத நேரத்தில் தொடங்குங்கள். செய்தியில் படித்த ஒன்றைச் சொல்லுங்கள். "உன் வகுப்பில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். அவன் "தெரியாது" என்பான். பரவாயில்லை. பிறகு இந்த மாதிரி ஒன்றை உங்கள் வாய்மொழியில் சொல்லிவிடுங்கள்:

"தம்பி, யாராவது உன் படத்தை வைத்து மிரட்டினால், நீயே அனுப்பிய படமாக இருந்தாலும், இரவு இரண்டு மணியாக இருந்தாலும், என்னை எழுப்பு. நான் திட்டமாட்டேன். போனைப் பிடுங்கமாட்டேன். ஏன் அனுப்பினாய் என்று அன்றைக்குக் கேட்கவேமாட்டேன். சேர்ந்து பார்த்துக்கொள்வோம்."

ஒருமுறை சொன்னால் போதாது. தேர்வு விடுமுறை தொடங்கும்போது, புதுப் போன் வாங்கும்போது மறுபடி சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றுவீர்கள் என்று பிள்ளை நம்ப வேண்டும் என்றால், சின்ன விஷயங்களில் அதைக் காட்டியிருக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியைத் தொலைத்துவிட்டு வந்து அவனாகச் சொன்ன அன்று உங்கள் குரல் எப்படி இருந்தது என்பதை அவன் நினைவில் வைத்திருக்கிறான்.

எல்லாம் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. மிரட்டலும் இல்லை. ஆனால் பிள்ளை பழையபடி இல்லை.

தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, போன் ஒலித்தால் திடுக்கிடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது எல்லாம் எதிர்பார்க்கக் கூடியவைதான், ஆனால் விட்டுவிடக் கூடியவை அல்ல. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416-இல் தமிழிலேயே பேசலாம், பிள்ளை தானாகவும் அழைக்கலாம். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். விருந்துக்கு வந்த உறவினர் எதிரில் "இவன் போனால் பட்ட பாடு" என்று ஆரம்பிக்காதீர்கள். அண்ணன் தங்கை சண்டையில் யாராவது அதை இழுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு அவன் மறுபடி தெருவுக்குப் போகிற மாலை வரும். அன்றைக்கு எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்துவிடுங்கள்.